மெயில் சர்வர்: எந்த மென்பொருள் என்பதற்கு முன்னால், எந்த இடம்

கேள்வி: அண்ணாச்சி, நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் மீன்பிடி வலை செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். எங்களுக்கு 38 மெயில் முகவரிகள் இருக்கின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் உண்டு. இப்போது முகவரிக்கு இவ்வளவு என்று மாத வாடகை கட்டுகிறோம். வருஷா வருஷம் அது ஏறுகிறது. சொந்தமாகவே மெயில் சர்வர் வைத்துவிடலாம் என்கிறார் முதலாளியின் மகன். அலுவலகத்தில் பழைய சர்வர் ஒன்று சும்மா கிடக்கிறது. ஃபைபர் இணைப்பு, இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கிறது. எனக்கு லினக்ஸ் ஓரளவு தெரியும். போஸ்ட்ஃபிக்ஸ், மெயில்கவ், ஐரெட்மெயில், ஜிம்ப்ரா, ஸ்டால்வர்ட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதைப் போடலாம்?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு: மெயில்கவ். ஆனால் சும்மா கிடக்கும் அந்தப் பழைய சர்வரில் அதைப் போடாதீர்கள். நீங்கள் மென்பொருளைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். மென்பொருள் பிடிக்காமல் போனால் ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து வேறொன்றுக்கு மாறிவிடலாம். வைத்த இடம் தப்பினால், எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் நீங்கள் அனுப்பும் விலைப்புள்ளி வாங்குபவரின் ஸ்பாம் பெட்டியில்தான் கிடக்கும். அதனால் இடத்திலிருந்து வருகிறேன்.

நம்ம ஊரில் முன்பின் தெரியாத பையன் வந்து நின்றால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "நீ யாருக்க பிள்ளை?" பெயரைச் சொன்னதும் விட்டுவிட மாட்டார்கள், அந்த வீட்டிலும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வார்கள். ஜிமெயில் செய்வதும் அதேதான். உங்கள் சர்வர் போய்க் கதவைத் தட்டியதும், அது வந்த ஐபி முகவரிக்கு (இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள எண்) என்ன பெயர் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கும். அந்தப் பெயரைத் தேடினால் அதே ஐபிதான் வருகிறதா என்றும் சரிபார்க்கும். ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் இந்தப் பதிவை பிடிஆர் என்பார்கள். டிஎன்எஸ், அதாவது இணையத்தின் பெயர்ப் புத்தகத்தில், மற்ற பதிவுகளையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளலாம். பிடிஆர் மட்டும் ஐபி யாருடைய கையில் இருக்கிறதோ அவர்கள் எழுதித்தர வேண்டியது. அலுவலக ஃபைபரில் அது உங்கள் இணைப்புக் கம்பெனி.

சாதாரண இணைப்பில் ஐபி அடிக்கடி மாறும். இன்னும் மோசம், பல வீடுகளும் கடைகளும் ஒரே பொது ஐபியைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். அப்படியானால் வெளியிலிருந்து உங்கள் சர்வருக்கு யாரும் வந்து சேரவே முடியாது. மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட் 25-ஐ இந்த மாதிரி இணைப்புகளில் பல கம்பெனிகள் அடைத்தே வைத்திருக்கின்றன. அடைக்காவிட்டாலும், சந்தேகத்துக்குரிய ஐபிக்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு பராமரிக்கும் பட்டியல்களில் ஒன்று இதற்காகவே இருக்கிறது: வீட்டு இணைப்புகளுக்கு ஒதுக்கிய ஐபிக்களிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்று சொல்லும் பட்டியல் அது. அதில் இருப்பதற்கு நீங்கள் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. நிலையான ஐபி வாங்கலாம்தான். வாங்கும்முன் இணைப்புக் கம்பெனியிடம் பிடிஆர் எழுதித்தருவீர்களா, போர்ட் 25 இருபுறமும் திறந்திருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். போனில் "எல்லாம் ஆகும் சார்" என்று சொல்வார்கள். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம், மின்சாரம். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது தக்கலைக்கு மேற்கே ஓர் அலுவலகத்தில் மெயில் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. உங்களுடையதைப் போலவே அலுவலக மூலையில் ஒரு பெட்டி, பக்கத்தில் இன்வெர்ட்டர். முதல் நாள் சாயங்காலத்துக்குள் இன்வெர்ட்டர் தீர்ந்தது. ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று கடற்கரை ஊர்கள் எல்லாம் காத்துக் கிடந்த நாட்கள் அவை. அப்போது மெயிலைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது என் வேலை.

நல்லவேளை, மெயிலை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். வாங்கவேண்டிய சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கிழித்துப்போடுவதில்லை. வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது நெறிமுறை. போஸ்ட்ஃபிக்ஸில் தானாகவே அமைந்திருக்கும் கெடு ஐந்து நாள். அதற்குப் பிறகுதான் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும். எனக்கு இருந்த அவகாசம் அந்த ஐந்து நாள். எங்கள் பக்கம் போன் சிக்னலும் சரியாக இல்லை. நாலாம் நாள் காலையில் வடசேரியில் பஸ் ஏறி திருநெல்வேலிக்குப் போய், நண்பர் வீட்டில் உட்கார்ந்து, வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, கடிதங்கள் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை அதற்குத் திருப்பினேன். சாயங்காலம் எங்கெங்கோ காத்திருந்த கடிதங்கள் மடமடவென்று வந்து விழுந்தன. ஒன்றும் தொலையவில்லை. ஆனால் அதுவரை வந்த பழைய கடிதங்கள் எல்லாம் தக்கலைப் பக்கம் இருட்டில் கிடந்த பெட்டிக்குள்தான் இருந்தன. அதன்பிறகு நான் எந்த அலுவலகத்திலும் மெயில் சர்வரை மூலையில் வைத்ததில்லை.

ஆகவே வாடகைக்கு ஒரு விபிஎஸ் (டேட்டா சென்டரில் ஓடும் மெய்நிகர் சர்வர்) எடுங்கள். அதிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. கூகுள் கிளவுடில் வெளியே போகும் போர்ட் 25 அடைத்தே இருக்கும். அமேசானில் காரணம் சொல்லி விண்ணப்பித்தால் திறப்பார்கள். மெயில் அனுப்ப அனுமதி உண்டா, பிடிஆரை நீங்களே மாற்றலாமா என்று பார்த்துவிட்டு முதலில் ஒரே ஒரு மாதத்துக்கு எடுங்கள். கையில் வந்த ஐபியை உடனே ஸ்பாம்ஹவுஸில் போட்டுப் பாருங்கள். முன்பு அதில் குடியிருந்தவர் செய்த பாவம் உங்கள் தலையில் விழும். பட்டியலில் இருந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குங்கள். சுத்தமான ஐபி கிடைக்க நான் நாலு தடவைகூட மாற்றியிருக்கிறேன்.

இனி மென்பொருள். உங்களுக்குச் சொன்ன பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். மெயில் சர்வர் என்பது ஒரே மென்பொருள் இல்லை; நாலைந்து மென்பொருள்கள் சேர்ந்து குடும்பம் நடத்துவது. கடிதத்தைக் கொண்டுபோவதும் வாங்குவதும் போஸ்ட்ஃபிக்ஸ். வந்ததைப் பெட்டியில் அடுக்கி, போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் எடுத்துக் கொடுப்பது டவ்காட். ஆங்கிலத்தில் அதற்குப் புறாக்கூடு என்று அர்த்தம், பொருத்தமான பெயர்தான். வாசலில் நின்று குப்பையை மடக்குவது ஆர்ஸ்பாம்டி. பிரவுசரில் மெயில் பார்க்க ரவுண்ட்கியூபோ சோகோவோ. மெயில்கவ், ஐரெட்மெயில், மெயில்-இன்-எ-பாக்ஸ், இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும்தான். அவியலுக்குக் காய் அதே காய்தான், அரைப்பும் பக்குவமும்தான் வீட்டுக்கு வீடு மாறும் என்பது மாதிரி.

போஸ்ட்ஃபிக்ஸை 1998-இல் ஐபிஎம்மில் இருந்தபோது வெளியிட்டவர் வீட்சே வெனமா. அதற்குமுன் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த சென்ட்மெயில் மொத்த வேலையையும் ஒரே பெரிய நிரலாகச் செய்தது. அதில் ஒரு ஓட்டை விழுந்தால் இயந்திரமே போச்சு. வெனமா வேலையைச் சின்னச் சின்ன நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய உரிமையை மட்டும் கொடுத்தார். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அது தாக்குப்பிடிப்பதற்கு அந்த அமைப்பு ஒரு பெரிய காரணம். எக்ஸிம் இன்னொரு நல்ல மென்பொருள், 1995-இல் கேம்பிரிட்ஜில் பிறந்தது. சிபேனல் ஹோஸ்டிங்கில் மெயில் வைத்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே அதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். எதை வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். ஆனால் 2019-இல் வெளியிலிருந்தே கட்டளை ஓட்டும் அளவுக்கு ஒரு பெரிய ஓட்டை அதில் வெளிப்பட்டது. அப்டேட் போடாமல் விட்ட சர்வர்களைத் தேடிப்பிடித்துத் தாக்கினார்கள். ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் நீங்களே தனித்தனியாக நிறுவிக் கோத்துக்கொள்ளலாமா என்றால், கற்றுக்கொள்ள ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள். சோதனைக்கு ஒரு சின்ன இயந்திரத்தில் கையால் கட்டுங்கள். கடிதம் எந்த வழியாக வந்து எங்கே போகிறது என்று சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்பான லாக்கில் விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். நாளைக்கு முதலாளி "கொச்சிக்காரருக்கு அனுப்பினது போகலையாமே" என்று கேட்கும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்த லாக் படிக்கும் பழக்கம்தான். ஆனால் கம்பெனியின் 38 முகவரிகளைக் கையால் கட்டிய சர்வரில் வைக்காதீர்கள். அமைப்புக் கோப்பில் எதை எதற்காக எழுதினோம் என்பது ஆறு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும். டவ்காட் 2.4 வந்தபோது பழைய அமைப்புக் கோப்பை அப்படியே ஏற்கவில்லை. கையால் கட்டியவர்கள் உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டியிருந்தது. தொகுப்பாக வாங்கியவர்களுக்கு அந்தத் தலைவலியை அந்தத் தொகுப்பு செய்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மெயில்கவ்வைச் சொல்லக் காரணம் அதன் நிர்வாகப் பக்கம். புது ஆள் சேர்ந்தால் முகவரி போட, பாஸ்வேர்ட் மறந்தவருக்கு மாற்றிக்கொடுக்க, அலுவலகத்தில் இருக்கும் அக்கா யாராவது ஒருவருக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். நீங்கள் கொடை விழாவுக்கு ஊருக்குப் போனாலும் போன் அடிக்காது. எல்லாம் டாக்கர் பெட்டிகளாக, அதாவது ஒவ்வொரு மென்பொருளும் தன் தனிப் பெட்டிக்குள், ஓடும். அப்டேட்டுக்கு ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. ஆனால் ராம் நிறைய சாப்பிடும். குறைந்தது 6 ஜிபி வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். நீங்கள் 8 ஜிபி எடுங்கள். வைரஸ் தேடும் கிளாம்ஏவி மட்டும் அதில் நல்ல பங்கைத் தின்னும், தேவையென்றால் அணைத்துவைக்கலாம். எனக்குப் பிடிக்காதது ஒன்று சொல்லவா? ஏதாவது உடைந்தால் பதினைந்துக்கும் மேற்பட்ட டாக்கர் பெட்டிகளில் எது குற்றவாளி என்று தேட வேண்டும். அதற்குத்தான் முதலில் கையால் ஒன்று கட்டிப் பழகச் சொன்னேன்.

ஐரெட்மெயில் டாக்கர் இல்லாமல் நேரடியாக இயந்திரத்தில் நிறுவும். டாக்கர் பயமென்றால் அதை எடுக்கலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் மேம்படுத்தும் குறிப்பைப் படித்து நீங்களே படிப்படியாகச் செய்ய வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் நல்ல வசதிகளெல்லாம் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். இரண்டு பதிப்பைத் தள்ளிப்போட்டவர்கள் மூன்றாவதையும் தள்ளிப்போடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மெயில்-இன்-எ-பாக்ஸ் தனி ஆளுக்கு, ஒரு குடும்பத்துக்கு அருமையானது; டிஎன்எஸ்ஸைக்கூட அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அது சொல்லும் வழியில்தான் நீங்கள் போக வேண்டும், கம்பெனித் தேவைக்கு ஒன்றை மாற்றினால் அடுத்த அப்டேட்டில் அழித்துவிடும். ஜிம்ப்ரா ஒரு காலத்தில் எங்கள் எல்லாருக்கும் பிடித்தது. ஒன்பதாம் பதிப்பிலிருந்து இலவசப் பதிப்பை நிறுவத் தயாரான வடிவில் அவர்கள் தருவதில்லை, பழைய 8.8.15-க்கு ஆதரவும் 2023-இன் முடிவோடு தீர்ந்தது. அதை இப்போது சொன்னவர் யாரோ பழைய நினைவில் சொல்லியிருக்கிறார்.

ஸ்டால்வர்ட் வேறு சாதி. போஸ்ட்ஃபிக்ஸோ டவ்காட்டோ உள்ளே கிடையாது. எல்லா வேலையையும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதி ஒரே நிரலுக்குள் வைத்திருக்கிறார்கள். குறைந்த ராமில் ஓடும், அமைப்பதும் எளிது. என் சொந்த முகவரி ஒன்றை அதில்தான் வைத்திருக்கிறேன். அப்படியானால் ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை? ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பிழைச் செய்தி வந்து அதைத் தேடினால், போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் யாரோ ஒருவர் பத்து வருஷத்துக்கு முன்பே அதே செய்தியில் மாட்டிக்கொண்டு விடையும் எழுதியிருப்பார். ஸ்டால்வர்ட்டுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கேட்டீர்களானால் வேறு பதில் சொல்வேனோ என்னவோ.

சரி, நிறுவியாகிவிட்டது. கடிதம் போய்ச் சேர வேண்டுமே? எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகள் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். எங்கள் பெயரில் அனுப்ப இந்த இந்த சர்வருக்கு உரிமை உண்டு என்பது எஸ்பிஎஃப். கடிதத்தில் சர்வர் வைக்கும் முத்திரை டிகிம். வழியில் யாராவது கை வைத்தால் முத்திரை ஒத்துப்போகாது. இரண்டும் சரியில்லாமல் எங்கள் பெயரில் ஒன்று வந்தால் என்ன செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாக்கிவிட்டன. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும்; ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும். உங்கள் கம்பெனி அவ்வளவு அனுப்பாது. ஆனாலும் மூன்றையும் போடுங்கள். விபிஎஸ்ஸில் ஐபிவி6 (புதுவகை, நீளமான ஐபி முகவரி) இருந்தால் அதற்கும் பிடிஆர் எழுதுங்கள், முடியாவிட்டால் ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பும்படி வையுங்கள். இந்த ஒரு சின்ன விஷயத்தில் ஜிமெயில் திருப்பி அனுப்பிய கடிதங்களோடு ஒரு நாள் முழுக்க நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வெளிநாட்டு வியாபாரம் உண்டு என்றதால் டிமார்க்கைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. ஏற்றுமதிக்காரர்களைக் குறிவைக்கும் திருட்டு ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் போகும்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்." கூடவே உங்கள் லெட்டர்ஹெட்டில் பில். டிமார்க்கைத் தொடக்கத்தில் வெறுமனே கவனிக்கும் நிலையில் வைத்து, அறிக்கைகளைச் சில வாரம் பார்த்து, எல்லாம் உங்கள் சர்வரிலிருந்துதான் போகிறது என்று உறுதியானதும் மறுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். அப்புறம் உங்கள் முகவரியை அப்படியே போட்டு ஏமாற்றுவது கஷ்டம். ஒரே ஒரு எழுத்து மாற்றி வாங்கிய வேறு டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்தான் டொமைன்) வந்தால் டிமார்க் ஒன்றும் செய்யாது. அதற்கு மருந்து மென்பொருளில் இல்லை. கணக்கு எண் மாற்றம் எதையும் போனில் கேட்டு உறுதிசெய்யாமல் நம்ப வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

புது ஐபிக்கு நல்ல பெயர் வர நாளாகும். அதுவரை வெளியே போகும் கடிதங்களை மட்டும் ஒரு ரிலே சேவை, அதாவது உங்கள் கடிதத்தை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்பிவைக்கும் சேவை வழியாக அனுப்பலாம். உள்ளே வருவதும் சேமிப்பதும் உங்களிடமே இருக்கும். மெயில்கவ்வில் அதற்கு இடம் இருக்கிறது. அப்படி ஒரு சேவையான அமேசானின் எஸ்இஎஸ்ஸில் ஆயிரம் கடிதத்துக்கு 10 அமெரிக்க சென்ட்தான், கடிதத்தோடு போகும் கோப்புகளின் எடைக்குத் தனிக் காசு. எஸ்பிஎஃப் பதிவில் ரிலேயையும் சேர்க்க மறக்காதீர்கள். "அப்படியானால் அது சொந்த சர்வரா?" என்று முதலாளியின் மகன் கேட்கலாம். கடிதங்கள் உங்கள் கையில் இருக்கின்றன, முகவரிக்கு இவ்வளவு என்ற வாடகை இல்லை; என்னைக் கேட்டால் அது சொந்தம்தான்.

இப்போது என் தப்பு ஒன்று. சில வருஷங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் ஒருவர் தன் பெயரோடு 123 சேர்த்து பாஸ்வேர்ட் வைத்திருந்தார். அதை அனுமதித்தது நான்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி யாரோ அதைக் கண்டுபிடித்து, விடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பாம் கடிதங்களை அந்த முகவரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு காலை வரிசையைப் பார்த்தால் இன்னும் மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறியாகிவிட்டது. பாஸ்வேர்டை மாற்றியது ஐந்து நிமிடம். பெயரைச் சுத்தம் செய்து பழைய நிலைக்கு வர மூன்று வாரம். அதனால் மெயில்கவ்வில் ஒவ்வொரு முகவரிக்கும் மணிக்கு இத்தனை கடிதம்தான் என்று வரம்பு வையுங்கள். உங்கள் கம்பெனியில் யாரும் ஒரு மணி நேரத்தில் ஐம்பதுக்கு மேல் அனுப்பப்போவதில்லை. அன்றைக்கு அந்த வரம்பு இருந்திருந்தால் என் ஞாயிற்றுக்கிழமை பிழைத்திருக்கும்.

கடிதத்தோடு இணைக்கும் கோப்பின் அளவையும் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்பு ஏறக்குறைய 10 எம்பி. அந்தக் கோப்புகள் மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடுவதால் ஏழரை எம்பி கோப்பே அதில் முட்டும். வலையின் படங்களும் வரைபடங்களும் அனுப்புகிற உங்களுக்கு அது போதாது. தொகுப்புகள் இதைக் கூட்டியே வைத்திருக்கும், ஆனாலும் சரிபாருங்கள். ஜிமெயிலிலிருந்து 25 எம்பிக்கு மேல் கோப்பு இணைத்து அனுப்ப முடியாது, ஆகவே அதற்குமேல் வைத்துப் பெரிய பயனில்லை. லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. அது கம்பெனிகளுக்கும் பொருந்தும். வட்டில் அதற்கு இடம் விடுங்கள்.

அந்தப் பழைய சர்வர் பாவம், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. விபிஎஸ்ஸிலிருந்து தினமும் ராத்திரி காப்புப் பிரதியை இழுத்து வைத்துக்கொள்ளட்டும்; அதற்கு ரெஸ்டிக் என்ற காப்பு மென்பொருள் போதும். கரண்ட் போனால் ஒரு நாள் தவறும், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம்: மெயில்கவ் கடிதங்களைப் பூட்டித்தான் வட்டில் வைக்கிறது. கடிதக் கோப்புறையை மட்டும் நகலெடுத்துவிட்டுச் சாவி இருக்கும் பகுதியை விட்டுவிட்டால், உங்களிடம் இருப்பது யாராலும் படிக்க முடியாத குப்பை. அவர்களே தரும் காப்பு ஸ்கிரிப்ட் சாவியையும் சேர்த்து எடுக்கும், அதைப் பயன்படுத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு பெட்டியை மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் செய்யும்முன் ஒரு தாளை எடுத்து அந்த 38 முகவரிகளையும் எழுதி, எத்தனைக்குப் பின்னால் உண்மையில் ஒரு ஆள் இருக்கிறார் என்று பாருங்கள். விற்பனை, கணக்கு, தகவல் என்று தொடங்கும் முகவரிகள், வேலையை விட்டுப்போனவர்களின் முகவரிகள் இவற்றைக் கழித்தால் இருபதுக்குக் கீழே வரும் என்பது என் ஊகம். கழித்ததையெல்லாம் மாற்றுப்பெயராக யாராவது ஒருவரின் பெட்டிக்குத் திருப்பிவிடலாம். பெரும்பாலான இடங்களில் அதற்கு வாடகை கிடையாது. அப்படிக் குறைத்தபின் வரும் வாடகையையும், விபிஎஸ் வாடகையோடு உங்கள் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்காக ஓடும் சர்வருக்கே மாதம் ஆறேழு மணி நேரம் போகும் என்பது என் அனுபவம். வாடகையே பரவாயில்லை என்று தோன்றினால் முதலாளியின் மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

போடுவது என்று முடிவானால் பைய போங்கள். முதலில் ஒரு துணை டொமைனில் உங்களுடையதும் இன்னும் இரண்டு பேருடையதும் மட்டும் மூன்று மாதம் ஓடட்டும். மாற்றும் வாரத்துக்கு முன்பே எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் அந்தப் பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கெடு) குறைத்துவிடுங்கள். பழைய கடிதங்களை ஐமேப்சிங்க் என்ற மென்பொருளைக் கொண்டு இழுக்கலாம். வருஷக்கணக்கான கடிதம் என்றால் ராத்திரி ராத்திரியாக ஓடட்டும். பழைய வாடகையை மாற்றிய அன்றே நிறுத்தாமல் ஒரு மாதம் வைத்திருங்கள்.

நாளைக் காலையில் முதல் வேலையாகப் பார்க்கவேண்டியது டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை. என்றைக்கோ வெப்சைட் செய்துகொடுத்த பையன் பெயரில், அவன் ஜிமெயிலில் இருக்கும். அவன் இப்போது துபாயில் இருப்பான். கம்பெனி பெயருக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டை மீட்கும் முகவரியாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் போனால் மீட்கும் கடிதமும் அதோடு போய்விடும். அது கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், டிஎன்எஸ் பதிவுகளைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.